பன்னிரண்டு டிகிரி

“நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு விசாரணை. அதுக்குள்ள நான் செய்யலைன்னு நிரூபிக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க மேடம், உங்க நேரமும் என் நேரமும் மிச்சம்.”

வந்தவள் இன்னும் உட்காரவில்லை. முப்பது வயதிருக்கும். சட்டைப்பையில் சிறிய டார்ச் விளக்கும் ஒரு டயர் அளவுகோலும் எட்டிப் பார்த்தன. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கருப்புக் கோடு நகங்களின் ஓரத்தில் இருந்தது.

“நின்னுக்கிட்டுப் பேசினா எனக்குப் பாதிதான் காதுல ஏறும். உட்காருங்க,” என்றார் அண்ணி.

அண்ணி என்ற உறவு ரிவர்ஸுக்கு மட்டும் சொந்தம். ஆனால் அவன் நாளெல்லாம் வாய் நிறைய அப்படிக் கூப்பிட்டதில், காப்பீட்டு நிறுவனத்தார் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். வாகனப் புகையை அளக்கும் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். இப்போது பட்டறைகளுக்கும் போக்குவரத்து அலுவலகத்துக்கும் இடையே விழும் முடிச்சுகளை அவிழ்ப்பதே தொழில். ரிவர்ஸ் அவருடைய கணவரின் தம்பி. இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி, முழங்கால் மக்கர் செய்ததும் வீட்டுக்கு வந்தவன். எவ்வளவு குறுகலான சந்திலும் பேருந்தைப் பின்னால் எடுத்துவிடுவான் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. முடிந்துபோன பேச்சையும் அப்படியே பின்னால் இழுப்பான் என்பது அண்ணியின் கூடுதல் விளக்கம்.

வந்தவளுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. மீட்டர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள் என்று அப்பாவின் பட்டறையில் வைத்த பெயர். அந்தப் பட்டறையில் டீசல் லாரிகளின் கம்ப்யூட்டரில் கை வைக்கும் உரிமம் அவள் ஒருத்திக்கே உண்டு.

“முதல்ல இருந்து சொல்லுங்க,” என்றார் அண்ணி. “என் கொழுந்தனுக்கும் புரியிற மாதிரி.”

“எனக்கெல்லாம் புரியும்,” என்றான் ரிவர்ஸ்.

மீட்டர் ரிவர்ஸைப் பார்த்துச் சொன்னாள். “புது லாரிங்கள்ல புகையைச் சுத்தம் பண்ண யூரியாத் தண்ணி ஊத்தணும். ஊத்தலைன்னா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு இன்ஜினோட பலத்தக் குறைச்சுடும். மேட்டுல வண்டி ஊரும். சில முதலாளிங்களுக்கு இது ஆகாது. கம்ப்யூட்டரோட கண்ணக் கட்டிவிடுற மாதிரி ஒரு திருட்டு புரோகிராம் ஏத்தச் சொல்லுவாங்க. வண்டி பறக்கும், புகை கரியாக் கக்கும். அது நடக்கக் கூடாதுன்னுதான் கம்ப்யூட்டருக்குப் பூட்டு. அந்தப் பூட்டத் திறக்கிற சாவி உரிமம் இருக்கிற பட்டறைக்கு மட்டும்தான் குடுப்பாங்க. கட்டைவிரல் அளவுதான் இருக்கும், லேப்டாப்புல செருகணும். எங்க சாவி நம்பர் நாலு. என் பேர்ல இருக்கு.”

“அந்தச் சாவியால ஒரு லாரியத் திறந்திருக்காங்க.”

“ஆமா. எட்டாம் தேதி எங்க பட்டறைக்கு வருஷாந்தரச் சோதனைக்கு வந்த கல் லாரி. நான்தான் சோதனை பண்ணினேன். சுத்தமா இருந்துச்சு, சான்றிதழ் குடுத்தேன். பத்தொன்பதாம் தேதி துறைமுக ரோட்டுல மடக்கியிருக்காங்க. கரி கரியாப் புகை. கம்ப்யூட்டரத் திறந்து பார்த்தா, எட்டாம் தேதி பதினொண்ணு நாற்பதுக்கு நாலாம் நம்பர் சாவியால புது புரோகிராம் ஏறியிருக்குன்னு பதிவு. அந்த நேரத்துல வண்டி எங்க பட்டறைக்குள்ளதான் நின்னுது. புரோகிராமும் ஏத்திட்டுப் பொய்ச் சான்றிதழும் குடுத்திருக்கேன்னு குற்றச்சாட்டு. என் உரிமம் போச்சுன்னா இந்தத் தொழில்ல இனி ஒரு ஸ்பேனரக்கூட நான் தொட முடியாது.”

“கிலோமீட்டர் பார்த்தா போச்சே! எட்டாம் தேதி எவ்வளவு, பதிவுல எவ்வளவு?” என்று ரிவர்ஸ் துள்ளினான்.

“அந்தப் பதிவுல கிலோமீட்டர் ஏறாது சார். ஏறியிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்.”

“தேதியும் நேரமும் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?” என்று அண்ணி கேட்டார்.

“செருகுற லேப்டாப்புல என்ன தேதியோ அதுதான். லேப்டாப்புல மாத்தி வெச்சா பதிவுலயும் மாறும். இத அதிகாரிகிட்டச் சொன்னேன். மாத்தினதுக்கு என்ன ஆதாரம்னு கேக்கறார்.”

அண்ணி கோப்பைத் திறந்தார். மூன்று தாள்களை மட்டும் உருவி மேசையில் வரிசையாக வைத்தார். முதலாவது, எட்டாம் தேதிச் சான்றிதழ்: வெளி வெப்பம் 31, காற்றழுத்தம் 101. இரண்டாவது, லாரியின் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பதிவு: சாவி 4, நேரம் 11.40, இன்ஜின் தண்ணீரின் வெப்பம் 12, காற்றழுத்தம் 89. மூன்றாவது, பத்தொன்பதாம் தேதி சாலையில் லாரியை மடக்கியபோது எடுத்தது: தண்ணீரின் வெப்பம் 84, காற்றழுத்தம் 101.

நடுத்தாளை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். அப்படி மடித்தால் ஏதோ சிக்கிவிட்டது என்று ரிவர்ஸுக்குத் தெரியும். என்ன சிக்கியது என்பதுதான் ஒருநாளும் தெரியாது.

“இந்த லாரி ராத்திரியில எங்க நிக்கும்?”

“மலைமேல, கல் குவாரி டெப்போவுல. எங்க பட்டறையிலேர்ந்து மூன்றரை மணி நேரம்.”

“உங்க அப்பா என்ன சொல்றார்?”

மீட்டர் முதல்முறையாகத் தயங்கினாள். “நீ செஞ்சியான்னு கேக்கலை. நீ செஞ்சிருக்க மாட்டேன்னும் சொல்லலை. பேச்சையே எடுக்க மாட்டேங்கறார். அதுதான் மேடம் தாங்கலை.”

பட்டறை துறைமுகச் சாலையின் ஓரத்தில் இருந்தது. உயரமான தகரக் கூரை, நான்கு லாரி நிற்கும் இடம், தரையில் எண்ணெய் குடித்துக் கறுத்த சிமென்ட். கம்ப்யூட்டர் வேலை நடக்கும் மூலையில், சுவரில், மீட்டரின் கையெழுத்தில் ஒரு பலகை: ‘இன்ஜின் ஆறிய பிறகே கம்ப்யூட்டரில் கை வைக்கவும்.’ பக்கத்தில் பூட்டிய கண்ணாடி அலமாரி. உள்ளே ஓர் ஆணியில் நாலாம் எண் சாவி தொங்கியது.

பட்டறையின் மூத்த மெக்கானிக்கான மேஸ்திரி ஒரு லாரியின் அடியிலிருந்து சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். அறுபதை நெருங்கிய ஆள்.

“கம்ப்யூட்டரு! என் காலத்துல காதுல கேட்டே டியூன் பண்ணுவோம். இப்ப இன்ஜினுக்கே பூட்டுப் போட்டுட்டானுங்க. வீட்டுக்காரன உள்ள விடாத வீடு மாதிரி.”

“அந்த சாவி கெடைச்சா நீங்களே திறந்துடுவீங்க போல,” என்று ரிவர்ஸ் தூண்டில் போட்டான்.

“கெடைச்சா கெணத்துல போடுவேன்.”

“இந்தப் பலகையில இருக்கிறபடிதான் எல்லாரும் செய்வீங்களா?” என்று அண்ணி கேட்டார்.

மேஸ்திரி சிரித்தார். “ஆறுறதுன்னா என்ன? ஒரு டீ குடிச்சுட்டு வர்ற நேரம். கை பொறுக்கிற சூடு வந்தா போதும். அந்தப் பொண்ணும் அவ்வளவுதான் பார்க்கும். முழுக்கக் குளிரட்டும்னு உட்கார்ந்தா ஒரு நாளைக்கு ஒரு வண்டிதான் பார்க்கலாம்.”

வாசலருகே மர மேசை போட்டு, வரும் வண்டியையும் போகும் வண்டியையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் மீட்டரின் அக்கா கணவர். அவள் அவரை அத்தான் என்றுதான் அறிமுகம் செய்தாள். இஸ்திரி போட்ட சட்டை, காதில் பேனா. அண்ணி கேட்டதும் நோட்டைத் தானே திருப்பிக் காட்டினார்.

“எட்டாம் தேதிக்கும் பத்தொன்பதுக்கும் நடுவுல மலைக்கு யாரெல்லாம் போனீங்க?”

“ரெண்டே தடவதாங்க. பதிமூணு மதியம் ரெண்டரைக்கு நான் வேன்ல கிளட்ச் பிளேட் கொண்டுபோனேன். இருட்டிடுச்சு, டெப்போவுலயே படுத்துட்டேன். மறுநாள் மதியம் திரும்பினேன். அப்புறம் பதினஞ்சு காலைல ஒன்பதுக்கு மேஸ்திரி, ஒரு பிரேக் வேலைக்கு. சாயங்காலம் ஏழுக்குத் திரும்பிட்டார். எல்லாம் நோட்டுல இருக்கு.”

“உங்க மச்சினி?”

“பதிமூணும் பதினாலும் பயிற்சி வகுப்பு. வேற ஊரு. மத்த நாளெல்லாம் இங்கதான்.” சற்று நிறுத்திச் சேர்த்துக்கொண்டார்: “நல்ல பொண்ணுங்க. என்ன கெட்ட நேரமோ.”

பட்டறை முதலாளியான மீட்டரின் அப்பா தன் கண்ணாடி அறையில் இருந்தார். மேசையில் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

“அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கும்?”

“மகள் இருந்தா மகள்கிட்ட. இல்லேன்னா எங்கிட்ட.”

“பதிமூணாம் தேதி?”

“எங்கிட்ட. யாருக்கும் குடுக்கலை.” கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் வந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எல்லாம் கைமீறிப் போச்சும்மா. சின்னவ கெட்டிக்காரி. எங்க போனாலும் பிழைச்சுப்பா.”

வெளியே வந்ததும் ரிவர்ஸ் குரலைத் தாழ்த்தினான். “அண்ணி, மேஸ்திரிதான். பூட்டுன்னாலே அந்த ஆளுக்கு ஆகலை. பதினஞ்சாம் தேதி மலைமேல இருந்திருக்கார். நான் டிரைவராப் பேசி அந்த லாரி டிரைவர்கிட்ட விஷயத்தக் கறந்துடவா?”

“கறங்க தம்பி. ஆனா ஒரே கேள்வி. காலைல வண்டிய எத்தனை மணிக்கு எடுப்பார், அதுக்கு முன்னாடி யாராவது ஸ்டார்ட் பண்ணுவாங்களா. வேற எதுவும் கேக்காதீங்க.”

“பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிட்டு கண்ணாடியக் கழட்டின மாதிரி இருக்கு,” என்று முணுமுணுத்தபடி ரிவர்ஸ் போனை எடுத்தான். ஐந்து நிமிடம் டயர் விலையும் முழங்கால் வலியும் பேசிவிட்டு, பதிலோடு வந்தான். “ஒன்பது மணிக்குத்தான் எடுப்பானாம். டெப்போவுல விடிகாலைல கை விறைக்கிற குளிராம், அதுக்கு முன்னாடி எவனும் வண்டிகிட்டப் போகமாட்டானாம். மதியம் வெயில் சுள்ளுன்னு அடிக்குமாம்.”

அண்ணி மறுபடி கண்ணாடியை மடித்தார். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரையும் முதலாளியோட அறைக்கு வரச் சொல்லுங்க.”

ஆறு பேர் கூடியதும் அந்த அறையில் காற்றுக்கே இடம் போதவில்லை. முதலாளி நாற்காலியில், மேஸ்திரி கதவோரம், அத்தான் கைகட்டி, மீட்டர் மேசைக்கு எதிரில். ரிவர்ஸ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். யாரும் ஓடப்போவதில்லை என்று தெரிந்தும், அப்படி நிற்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

அண்ணி மூன்று தாள்களையும் மேசையில் பரப்பினார்.

“லேப்டாப்புல தேதிய மாத்தலாம். நேரத்த மாத்தலாம். ஆனா புரோகிராம் ஏறும்போது லாரியோட கம்ப்யூட்டர் தானா ரெண்டு விஷயத்த அளந்து எழுதிக்குது. அத லேப்டாப் மாத்த முடியாது. ஒண்ணு, காற்றழுத்தம்.”

“டயர்ல அடிக்கிற காத்தா அண்ணி?”

“நம்ம தலைமேல நிக்கிற காத்து தம்பி. கடலோரத்துல நூத்தியொண்ணு இருக்கும். மேல ஏற ஏறக் குறையும். எட்டாம் தேதி இதே பட்டறையில சோதனை பண்ணும்போது நூத்தியொண்ணு. புரோகிராம் ஏறினதாச் சொல்ற பதிவுல எண்பத்தொன்பது. ரெண்டும் ஒரே நாள், ஒரே இடம்னா எப்படி இருக்க முடியும்? எண்பத்தொன்பதுன்னா ஆயிரம் மீட்டர் உயரம்.”

“அளக்கிற கருவி பழுதுன்னு அதிகாரி சொன்னா?” மீட்டர்தான் கேட்டாள். தனக்குச் சாதகமானதையும் அளந்து பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

“சொல்ல முடியாது. பத்தொன்பதாம் தேதி துறைமுக ரோட்டுல அதே லாரி, அதே கருவி, திரும்பவும் நூத்தியொண்ணு காட்டியிருக்கு. கருவி சரியாத்தான் இருக்கு. அப்போ புரோகிராம் ஏறினது இங்க இல்ல. மலைமேல. எட்டாம் தேதியும் இல்ல. ஏன்னா அன்னிக்கி சோதனையில வண்டி சுத்தம், சாவியும் இங்கதான் இருந்துச்சு. சாவி மலைக்குப் போன நாள்தான் உண்மையான நாள்.”

மேஸ்திரி நிமிர்ந்தார். “நானும் போனேன். அதத்தானே சொல்லப் போறீங்க?”

“நீங்க மத்தியானம் பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்து, மூன்றரைக்குக் கிளம்பியிருக்கீங்க. இப்ப ரெண்டாவது அளவு. இன்ஜினுக்குள்ள இருக்கிற தண்ணி, பன்னிரண்டு டிகிரி.” அண்ணி நடுத்தாளில் விரலை வைத்தார். “ஓடி வந்த இன்ஜின்ல எண்பதுக்கு மேல இருக்கும். ஒரு டீ நேரம் நிறுத்தினா அம்பது, அறுபது. சுள்ளுன்னு வெயில் அடிக்கிற மத்தியானத்துல எவ்வளவு நேரம் நிறுத்தினாலும் பன்னிரண்டுக்கு வராது. ராத்திரி முழுக்க நின்ன இன்ஜின்லதான், அதுவும் விடிகாலைக் குளிர்லதான் பன்னிரண்டு வரும். அப்போ அந்த மலைமேல இருந்த ஆள் வேணும். அங்கயே ராத்திரி தங்கின ஆள்.”

யாரும் அத்தானைப் பார்க்கவில்லை. அதுவே பார்த்ததைவிட மோசமாக இருந்தது.

“எனக்குக் கம்ப்யூட்டர் வேலையே தெரியாதுங்க,” என்றார் அத்தான். “ஆறு வருஷமா நோட்டு எழுதறவன்.”

“அதனாலதான் மாட்டிக்கிட்டீங்க,” என்றார் அண்ணி, குரல் உயராமல். “தொழில் தெரிஞ்சவங்க கை பொறுக்கிற சூடு வந்ததும் வேலைய ஆரம்பிச்சிருப்பாங்க. பதிமூணாம் தேதி சாயங்காலமே முடிச்சிருக்கலாம். நீங்க அந்தப் பலகையப் படிச்சுத் தொழில் கத்துக்கிட்டவர். இன்ஜின் ஆறிய பிறகேன்னு போட்டிருக்கு. எவ்வளவு ஆறணும்னு போடலை. கெட்டுப்போயிடக் கூடாதேன்னு ராத்திரி முழுக்கக் காத்திருந்தீங்க. இந்தப் பட்டறையிலயே அந்தப் பலகைக்கு எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்.”

அத்தானின் காதிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“லாரி முதலாளிதான் புரோகிராமும் லேப்டாப்பும் வெச்சிருந்தார்,” என்றார் கடைசியில். “சாவி மட்டும் போதும்னார். மீட்டர் செய்யிறத நூறு தடவ பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். எனக்கும் வரும்னு ஒரு தடவையாவது காட்டணும்னு இருந்துச்சு. தேதிய அந்த வண்டி இங்க நின்ன நாளுக்கு மாத்தினேன். உன் மேல வரணும்னு இல்லம்மா. என் மேல வராம இருந்தா போதும்னு.”

“அலமாரிப் பூட்டு உடையலையே?” ரிவர்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. “அப்போ அந்தச் சாவிய...”

அண்ணி அவனைக் கண்ணால் நிறுத்தினார். பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர்.

முதலாளி ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தார். “நான்தான் எடுத்துக் குடுத்தேன். டெப்போவுல ஒரு வண்டியில எச்சரிக்கை விளக்கு எரியுது, அணைக்கணும்னார் மாப்பிள்ளை. நம்பிக் குடுத்தேன். பத்தொன்பதாம் தேதி லாரியப் பிடிச்சாங்கன்னு கேள்விப்பட்டப்பவே புரிஞ்சுடுச்சு.”

“புரிஞ்சும் ஆறு நாளாச் சும்மா இருந்தீங்களா?” மீட்டரின் குரலில் அழுகை இல்லை. அவள் ஏதோ ஒரு கருவியைப் படிப்பதுபோல அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அவர் உள்ள போனா உங்கக்காவும் ரெண்டு குழந்தைங்களும் நடுத்தெருவுல. உனக்குக் கையில தொழில் இருக்கு, மூளை இருக்கு. நீ தாங்குவேன்னு...”

“நான் தாங்குவேன்கிறதுக்காக என் தலையில ஏத்தி வைப்பீங்களாப்பா? லாரிக்குக்கூட இவ்வளவுதான் ஏத்தலாம்னு ஒரு கணக்கு இருக்கு.”

மேஸ்திரி குனிந்து, விழுந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு வெள்ளைத் தாளையும் உருவி அதன் பக்கத்தில் வைத்தார்.

“எழுதுங்க முதலாளி,” என்றார். “காதுல கேட்டு டியூன் பண்ற காலம் இல்ல இது. எழுத்துல குடுத்தாத்தான் நம்புவாங்க.”

மறுநாள் பதினொரு மணிக்கு விசாரணை அறையின் படியில் முதலில் ஏறியவர் முதலாளி. அவருக்குப் பின்னால் இஸ்திரி போடாத சட்டையில் அத்தான். மீட்டர் மூன்று தாள்களோடு கடைசியாகப் போனாள். ரிவர்ஸ் வராந்தாவில் நடந்து நடந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டான். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன பழைய செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. அத்தான் மேலும் லாரி முதலாளி மேலும் வழக்கு. சாவியைக் காக்கத் தவறியதற்காகப் பட்டறைக்கு மூன்று மாதம் சோதனை செய்யத் தடை. மீட்டரின் உரிமத்தில் கீறல்கூட இல்லை.

அந்த வார இறுதியில், கட்டணம் கொடுக்க மீட்டர் வரச் சொல்லியிருந்தாள் என்று அண்ணியும் ரிவர்ஸும் பட்டறைக்குப் போனார்கள். வாசல் மேசையில் மீட்டரின் அக்கா உட்கார்ந்து நோட்டு எழுதிக்கொண்டிருந்தாள். மீட்டர் கையில் பெயின்ட் டப்பாவோடு ஏணியில் நின்றாள். பலகையில் பழைய வரி வெள்ளையடிக்கப்பட்டு, புதியது பாதி வந்திருந்தது: ‘இன்ஜின் வெப்பம் 50 டிகிரிக்குக் கீழே...’

“பலகை மேல என்னம்மா கோபம்?” என்றான் ரிவர்ஸ்.

“கோபம் இல்ல சார். அளவு போடாம எழுதினது என் தப்பு. ஆறிய பிறகுன்னா யாருக்கு என்ன தெரியும்?”

கீழே முதலாளி இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அவரைப் போகச் சொல்லவில்லை, பேசவும் இல்லை. அடுத்த எழுத்துக்காக அவள் ஓரமாகச் சாய்ந்தபோது, அவர் ஏணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.